போட்டோவுக்குப் பூ, தேனீக்குப் பட்டினி



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். பூக்கன்று பற்றித்தானே என்று கடந்து போக வேண்டாம். பாடசாலை, பிள்ளைகள், பெற்றாரின் பணம், நம் தோட்டத்துப் பூசணிக்காய் எல்லாம் இதற்குள் வருகிறது.

இரண்டு மூன்று வாரமாக என் முகநூல் முழுக்க ஹைட்ரேன்ஜியாதான். நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் இருக்கிற நண்பர்கள் எல்லாரும் போடுகிறார்கள். நீலம், ஊதா, இளஞ்சிவப்பு. ஒவ்வொன்றும் பிள்ளையின் தலையளவு பந்து. பார்க்க அழகுதான், மாஷா அல்லாஹ். அதற்குக் கீழே என்ன எழுதுகிறோம்? "தேனீக்களுக்கு உகந்த தோட்டம்." "இயற்கையோடு இணைந்த பாடசாலை." "வண்ணத்துப்பூச்சிகளின் வீடு."

பூவோடு எனக்கு எந்தக் கோபமும் இல்லை. கீழே எழுதுகிற அந்த வரியோடுதான் கோபம். அது உண்மையில்லை. உண்மையில்லாததைப் பிள்ளைகளின் கண் முன்னால் பலகையில் எழுதி மாட்டுவதை ஓர் ஆசிரியையாக என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஒரு பந்துப் பூவைப் பறித்துப் பிரித்துப் பாருங்கள். நாம் இதழ் என்று நினைக்கிற நிறமான நான்கு தகடுகளும் அல்லிகள் இல்லை. அவை பெருத்துப்போன புல்லிகள். நடுவில் சின்னதாக ஒரு மணி. அவ்வளவுதான். பூவின் பகுதிகளைக் கரும்பலகையில் படம் கீறிப் படிப்பிக்கிறோமே, கேசரம், மகரந்தம், சூலகம் என்று, அவை இதில் ஒன்றும் ஒழுங்காக வளர்ந்திருக்காது. இவை மலட்டுப் பூக்கள். பந்துக்கு உள்ளே ஆழத்தில் எங்காவது நாலைந்து நல்ல பூக்கள் ஒளிந்திருக்கலாம். அதைத் தேடிப் போக தேனீக்கு நேரமும் இல்லை, வழியும் இல்லை.

ஆனால் இந்தச் செடி பிறந்தது இப்படி இல்லை. ஜப்பானின் கரையோரப் பகுதிகளில் இது தானாக வளர்கிறது. அங்கே அதன் பூங்கொத்து பந்தாக இருக்காது, தட்டு மாதிரி விரிந்திருக்கும். தட்டின் நடுவில் கடுகும் மிளகும் கொட்டி வைத்ததுபோல சின்னச் சின்ன மொட்டுகள் நிறைந்திருக்கும். உண்மையான பூக்கள் அவைதான். அவை விரிந்தால் கேசரங்கள் மயிர்போல வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், மகரந்தம் இருக்கும், விதையும் பிடிக்கும். தட்டின் ஓரத்தில் மட்டும் வளையம் கட்டினதுபோல பெரிய மலட்டுப் பூக்கள் நிற்கும்.

அந்த வளையம் எதற்கு? தூரத்தில் போகிற பூச்சியைக் கூப்பிடுவதற்கு. கடைக்கு மேலே மாட்டுகிற பெயர்ப்பலகை மாதிரி. உள்ளே சாப்பாடு இருக்கிறது, வாருங்கள் என்று சொல்லும் பலகை.

மனிதன் என்ன செய்தான்? பலகையின் அழகில் மயங்கினான். பலகை பெரிதாக இருக்கும் செடிகளையே பார்த்துப் பார்த்துப் பிரித்தெடுத்தான். கடைசியில் கடையை மூடிவிட்டுப் பலகையை மட்டும் பந்தாகக் கட்டித் தொங்கவிட்டான். 1789இல் சீனாவிலிருந்து இங்கிலாந்தின் கியூ தோட்டத்துக்குப் போனதும் இந்தப் பந்து வகைதான். நம் மலைநாட்டில் துரைமார் பங்களாக்களின் ஓரத்தில் நிற்பதும், இன்று நம் வீட்டு வாசலில் நிற்பதும் பெரும்பாலும் அதே வகைதான்.

நீலமா இளஞ்சிவப்பா என்று அடுத்த சண்டை. அதற்கும் தேனீக்கும் சம்பந்தமே இல்லை. புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குள் போகிறது, பூ நீலமாகிறது. சுண்ணாம்போ டொலமைட்டோ போட்டு அந்தப் புளிப்பைக் குறைத்தால் இளஞ்சிவப்பாகிறது. தேயிலை மண் புளிப்பு மண், அதனால்தான் நம் பக்கம் நீலம் அதிகம். இதை விஞ்ஞானப் பாடத்துக்கு அருமையான செய்முறையாக எடுக்கலாம். எடுங்கள். ஆனால் எந்த நிறத்தில் இருந்தாலும் வெறும் கோப்பை வெறும் கோப்பைதான்.

"அதுக்கென்ன டீச்சர், ஒரு பூக்கன்றுக்குப் போய் இவ்வளவு பேச்சா?" என்று கேட்பீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் மரக்கறித் தோட்டம் செய்கிற குடும்பங்களில் இருந்து வருகிறார்கள். உருளைக்கிழங்கு கிழங்காக வருவதற்குத் தேனீ தேவையில்லை. கோவாவும் லீக்ஸும் நமக்குச் சமைக்க வருவதற்கும் தேவையில்லை. அதனால்தான் நமக்கு இந்த விஷயம் உறைப்பதில்லை. ஆனால் பூசணி? வெள்ளரி? பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. விடியலில் விரிந்து, வெயில் ஏற முன்னமே சுருங்கிவிடும். அந்தச் சில மணித்தியாலத்துக்குள் ஒரு தேனீயோ வண்டோ இரண்டுக்கும் போய்வர வேண்டும். வராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி, நுனி அழுகி விழும். "காய் பிடிக்குதில்ல டீச்சர், வாப்பா என்னமோ மருந்து அடிச்சார்" என்று ஒரு பிள்ளை சொன்னபோது எனக்கு நெஞ்சு பதறியது. காய் பிடிக்காததற்கு மருந்து. மருந்து அடித்ததால் இருக்கிற பூச்சியும் போகும். பிறகு இன்னும் பிடிக்காது. பிறகு இன்னும் மருந்து.

தேனீ என்றதும் நமக்குப் பெட்டியில் வளர்க்கிற தேனீ மட்டும்தான் ஞாபகம் வருகிறது. இலங்கையில் சுமார் 150 வகைத் தேனீக்கள் பதிவாகியிருக்கின்றன. பாறையிலும் உயர்ந்த மரத்திலும் பெரிய கூடு தொங்கவிடுகிற மலைத்தேனீ இருக்கிறது. கொட்டத் தெரியாத, கொசு அளவு தேனீ இருக்கிறது. மரத்தில் துளை போடுகிற கருவண்டும் தேனீ இனம்தான். வயிற்றில் நீலப்பட்டி போட்ட தேனீ இருக்கிறது. தக்காளி, கத்தரிப் பூக்களில் மகரந்தம் ஒரு சின்னத் துளை வழியாகத்தான் வெளியே வரும். பெட்டித் தேனீக்கு அதைக் குலுக்கத் தெரியாது. நீலப்பட்டித் தேனீயும் கருவண்டும் பூவைப் பிடித்துக்கொண்டு ரீங்காரத்தால் அதிரவைத்து உதிர்க்கும். இவை பெரும்பாலும் தனித்தனியாக, மண்ணிலும் பட்ட மரத்திலும் கூடு கட்டி வாழ்கிறவை. இவற்றுக்கு யாரும் பெட்டி வைப்பதில்லை, சீனிப்பாகு வைப்பதில்லை. நம் வேலியோரமும் பாடசாலை முற்றமும்தான் இவற்றின் சாப்பாட்டுக் கடை.

அந்தச் சாப்பாட்டுக் கடையைத்தான் நாம் அழகுபடுத்தல் என்ற பெயரில் இடித்துக்கொண்டிருக்கிறோம்.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பாடசாலையின் பெயர் வேண்டாம், வலயம் வேண்டாம், யாரையும் குறிப்பாகச் சொல்லவும் இல்லை. உங்களில் பல ஆசிரியர்களுக்கு இது உங்கள் பாடசாலை மாதிரியே இருக்கும். அழகுபடுத்தல் போட்டிக்குப் பார்வையிட ஒரு குழு வருகிறது என்று அறிவித்தல் வந்தது. உடனே பிள்ளைக்கு 300 ரூபா. முற்றத்து ஓரத்தில் தானாக வளர்ந்திருந்த தும்பை, தொட்டாற்சுருங்கி, பிள்ளைகள் நட்டிருந்த துளசி எல்லாம் பிடுங்கப்பட்டன. பிடுங்க முடியாத இடத்துக்குக் களைநாசினி. அந்த இடத்தில் சட்டி சட்டியாகப் பந்து ஹைட்ரேன்ஜியா. சட்டிக்கு வெள்ளைப் பெயின்ட். நடுவில் தேனீப் படம் வரைந்த பலகை. குழு வந்தது, போட்டோ எடுத்தது, போனது. தவணை விடுமுறை வந்தது. தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. திரும்பி வந்தபோது பாதிச் சட்டியில் காய்ந்த குச்சிதான் நின்றது. பலகை மட்டும் அப்படியே இருந்தது.

அந்த 300 ரூபாயைக் கொண்டுவர முடியாமல் ஒரு பிள்ளை இரண்டு நாள் பாடசாலைக்கு வரவில்லை. தாய் கொழுந்து பறிக்கிறவர். பூச்சட்டிக்காக ஒரு பிள்ளையின் இரண்டு நாள் படிப்பு போனது. போட்டிப் புள்ளித்தாளில் அதற்கு ஒரு நிரல் இருக்கிறதா?

தும்பைப் பூவைப் பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? காலையில் அதில் எப்போதும் ஏதாவது ஒன்று உட்கார்ந்திருக்கும். தொட்டாற்சுருங்கியின் பஞ்சு மாதிரிப் பூவில் தேனீ மகரந்தம் அள்ளிக்கொண்டு போகும். இந்த இரண்டையும் பிடுங்கிவிட்டு, ஒரு வாய்கூடச் சாப்பாடு இல்லாத பூவை வைத்து, அதன் மேல் தேனீப் படம் போட்டது யாரை ஏமாற்ற? தேனீ ஏமாறாது. ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போய்விடும். ஏமாறுவது பிள்ளைதான். "டீச்சர், இந்தப் பூவுல ஒன்னும் வரல்லயே" என்று என்னிடம் கேட்ட பிள்ளைக்குக் கண் இருந்தது. பார்வையிட வந்த பெரியவர்களுக்கு அந்தக் கேள்வியே வரவில்லை.

கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித் தந்தது, பாடசாலைச் சூழலும் ஒரு பாடநூல் என்று. சரிதான். அப்படியென்றால் அந்தப் பாடநூலில் பிழை அச்சாகியிருக்கிறது. சோடனை போதும், உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, போட்டோ வந்தால் சரி என்ற பாடத்தைச் சுவர் சுவராக எழுதி வைத்திருக்கிறோம். பிறகு, பிள்ளைகள் பரீட்சைக்கு மட்டும் படிக்கிறார்கள் என்று நாமே குறைபடுகிறோம்.

மார்க்கத்தைக் கொண்டுவந்து எல்லாவற்றுக்கும் முட்டுக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் இந்த விஷயத்தில் சொல்லாமல் இருக்க முடியாது. குர்ஆனில் 16ஆவது அத்தியாயத்தின் பெயரே தேனீ. அதன் 68ஆம், 69ஆம் வசனங்களை மீலாத் மேடைகளில் எத்தனை பிள்ளைகளை வைத்து ஓதவைத்திருக்கிறோம்! மலையிலும் மரத்திலும் மட்டுமில்லை, மனிதர் கட்டுவதிலும் தேனீ வீடெடுக்கும் என்று அங்கே வருகிறது. அது நம் கூரையும் நம் மதிலும்தான். கூரையில் கூடு கட்டவந்த தேனீயின் வாசலில் மலட்டுப் பூவையும் நஞ்சையும் வைத்துவிட்டு மேடையில் அந்த வசனத்தை ஓதவைப்பதில் என்ன அர்த்தம்?

ஒருவர் நட்டதிலிருந்து பறவையோ மனிதனோ விலங்கோ உண்டால் அதுவும் அவருக்கு ஸதகா என்ற கருத்தில் வரும் ஹதீஸ் நம் எல்லாருக்கும் தெரியும். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அதில் என் கண்ணுக்குப் படுவது உண்பது என்ற சொல். நட்டால் மட்டும் போதாது. அதிலிருந்து யாராவது ஒரு உயிர் சாப்பிட வேண்டும்.

இனி வழமையான பதில்களுக்கு வருகிறேன். இன்பொக்ஸில் எப்படியும் கேட்கத்தான் போகிறீர்கள்.

"அழகும் தேவைதானே?" தேவைதான். யார் இல்லை என்றது? பந்து ஹைட்ரேன்ஜியா உம்மா நட்டது, பத்து வருடமாக வாசலில் நிற்கிறது என்றால் பிடுங்காதீர்கள். அழகுக்கு வைத்திருக்கிறேன் என்று நேர்மையாகச் சொல்லுங்கள். தேனீக்கு வைத்திருக்கிறேன் என்று சொல்லாதீர்கள். பக்கத்திலேயே சாப்பாடு தரும் ஒன்றையும் நடுங்கள்.

"ஹைட்ரேன்ஜியா வெளிநாட்டுச் செடி, அதையே நடக்கூடாது." இது அடுத்த கட்சி. தேயிலையும் உருளைக்கிழங்கும் எங்கிருந்து வந்தன? தேனீ பாஸ்போர்ட் பார்ப்பதில்லை. அது பார்ப்பது மகரந்தம் இருக்கிறதா, வாய் எட்டுகிறதா என்பதைத்தான். குளிர் உள்ள இடத்தில், சரியான வகை ஹைட்ரேன்ஜியா தாராளமாக நிற்கலாம். நம் மண்ணின் செடிகளுக்குப் பக்கத்தில் நிற்கட்டும். அவற்றைப் பிடுங்கிவிட்டு நிற்க வேண்டாம்.

"களைநாசினி அரசாங்கமே அனுமதித்ததுதானே?" கிளைபோசேட்டை 2015இல் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திறந்தார்கள், 2022இல் தடையை நீக்கினார்கள். நாட்டின் விவசாயக் கொள்கையை நான் இங்கே தீர்க்கப் போவதில்லை. ஆனால் பாடசாலை முற்றத்துக்கு என்ன அவசியம்? அங்கே காப்பாற்ற ஒரு ஏக்கர் தேயிலை இருக்கிறதா? இருப்பது பிள்ளைகள் விளையாடுகிற புல்.

சரி, என்ன செய்யலாம்? குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவள் இல்லை நான்.

1. ஹைட்ரேன்ஜியா வாங்கினால் பூத்திருக்கும்போது வாங்குங்கள். பூவைக் கண்ணால் பார்க்காமல் வாங்காதீர்கள். தட்டையாக விரிந்து, நடுவில் சின்ன மணி மொட்டுகளும் ஓரத்தில் பெரிய பூ வளையமும் இருந்தால் அது தட்டு வகை. அதைத்தான் எடுக்க வேண்டும். கூம்பு மாதிரி நீண்ட பூங்கொத்து வருகிற இன்னொரு இனமும் உண்டு. அதிலும் பெரிய பூக்களுக்கு இடையில் சின்னப் பூக்கள் நிறையத் தெரிந்தால் நல்லது. முழுக்கப் பெரிய பூவாக அடைத்திருந்தால் மீண்டும் பழைய கதைதான்.

2. யார் வீட்டிலாவது தட்டு வகை நின்றால் காசு செலவழிக்கத் தேவையில்லை. பூக்காத கிளையில் ஒரு சாண் தடி, இரண்டு மூன்று கணுவோடு. கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேல் இலைகளைப் பாதியாக வெட்டி, மணல் கலந்த ஈர மண்ணில் நிழலில் வையுங்கள். சில கிழமைகளில் வேர் விடும். ஒரு செடியிலிருந்து ஒரு வகுப்புக்கே கன்று எடுக்கலாம். 300 ரூபா யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

3. காலை வெயில், மத்தியான நிழல். அடியில் கூட்டெரு. மேலே காய்ந்த இலை அல்லது வைக்கோல் மூடாக்கு. இது தண்ணீர் கேட்கும் செடி. சட்டியில் வைத்தால் விடுமுறையில் செத்துவிடும், நிலத்தில் நடுங்கள். தட்டு வகை பழைய கிளையில்தான் அடுத்த பூவுக்கான மொட்டை வைக்கும். பூ முடிந்த கையோடு இலேசாக வெட்டுங்கள். போட்டி வருகிறது என்று நினைத்த நேரம் மொட்டையடித்தால் அந்த வருடம் பூவே வராது. இலையையும் பூவையும் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஆட்டுக்கும் போடாதீர்கள். உண்டால் நஞ்சு.

4. பூத்திருக்கும் எதற்கும் பூச்சிநாசினி அடிக்காதீர்கள். வேரில் ஊற்றினால் பூவுக்குப் போகாது என்று நினைக்காதீர்கள். இமிடாகுளோபிரிட் போன்றவை வேர் வழியாக ஏறி மகரந்தத்திலும் தேனிலும் கலக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் அதையும் அதே வகையைச் சேர்ந்த இன்னும் இரண்டையும் திறந்தவெளியில் பாவிக்கத் தடை போட்டது தேனீக்காகத்தான்.

5. தட்டு வகையாக இருந்தாலும் அது முக்கியமாக மகரந்தம் தருகிற செடி. வருடம் முழுக்க அது ஒன்றே போதாது. முற்றத்தின் ஒரு ஓரத்தைத் தும்பைக்கும் தொட்டாற்சுருங்கிக்கும் விடுங்கள். துளசியைப் பூக்கவிடுங்கள். கொத்தமல்லியில் ஒரு பாத்தியைப் பறிக்காமல் பூக்கவிட்டுப் பாருங்கள், என்னென்ன வருகிறது என்று பிள்ளைகளே எண்ணிச் சொல்வார்கள்.

காத்தான்குடி, புத்தளம், மன்னார்ப் பக்கத்திலிருந்து "டீச்சர், எனக்கும் ஒரு தடி அனுப்புங்க" என்று கேட்கிற உறவுகளுக்கு: அனுப்ப மாட்டேன், மன்னிக்க வேண்டும். உங்கள் வெயிலில் இந்தச் செடிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றி, கடைசியில் கவலைதான் மிஞ்சும். உங்கள் வளவில் நிற்கிற முருங்கை பூத்தால் தேனீயே அழைப்பில்லாமல் வரும். கறிவேப்பிலை, தேசிக்காய், துளசி எல்லாம் தேனீயின் சாப்பாடுதான். உங்களிடம் இருப்பதன் அருமையை விட்டுவிட்டு எங்கள் குளிர்ப் பூவுக்கு ஏங்காதீர்கள்.

அதிபர்மார், அழகுபடுத்தலுக்குப் பொறுப்பான ஆசிரியர்கள், பார்வையிடப் போகிற அதிகாரிகள் இந்தப் பதிவைப் பார்த்தால் ஒரே ஒரு வேண்டுகோள். புள்ளித்தாளில் நிறத்துக்கும் ஒழுங்குக்கும் புள்ளி வைக்கிறீர்கள். அதோடு இன்னும் ஒரு வரி சேருங்கள்: காலை 9 மணிக்கு ஒரு பிள்ளை இந்தப் பூக்களுக்கு முன்னால் பத்து நிமிடம் நின்றால் எத்தனை உயிர்கள் வந்து உண்பதைக் காணும்? அந்தக் கணக்கைப் பிள்ளைகளே எடுக்கட்டும். கொப்பியில் எழுதட்டும். பெயின்ட் அடித்த சட்டியும் பலகையும் அந்த ஒரு கேள்விக்கு முன்னால் நிற்காது.

பெற்றாரே, அடுத்த முறை பூச்சட்டிக்குக் காசு கேட்டு அறிவித்தல் வந்தால், தயங்காமல் மரியாதையாகக் கேளுங்கள்: "இதில் தேனீ சாப்பிடுமா? விடுமுறையில் தண்ணீர் யார் ஊற்றுவார்?" கேட்பது உங்கள் உரிமை. கேட்டதற்காக எந்தப் பிள்ளையையும் யாரும் ஒதுக்கக்கூடாது.

உடன்படாதவர்கள் கொமண்டில் எழுதுங்கள், பதில் சொல்கிறேன். உடன்படுகிறவர்கள் லைக் போட்டுவிட்டுப் போகாமல், நாளைக் காலை உங்கள் வாசல் பூவுக்கு முன்னால் பத்து நிமிடம் நின்று பாருங்கள். என்ன வந்தது, எதில் உட்கார்ந்தது என்று கீழே எழுதுங்கள். ஒன்றுமே வரவில்லை என்றாலும் எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.